ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்க எந்த விமான சிமுலேட்டர்?

திரையிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான சிமுலேட்டர்களில் மைக்ரோசாஃப்டா, எக்ஸ்-பிளேனா, இல்லை பிள்ளைகள் வைத்திருக்கும் எக்ஸ்பாக்ஸே போதுமா? வீட்டிலிருந்தபடியே கிளிமஞ்சாரோவையும் நமீப் பாலைவனத்தையும் மேலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் மேல் பறந்து பார்த்து எழுதியவை. அந்தத் தீர்ப்பை அப்படியே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தால் பணம் வீணாகும். மைக்ரோசாஃப்டின் பெரிய பலம், ஆகாயப் படங்களிலிருந்து கட்டடம் கட்டடமாக எழுப்பிய முப்பரிமாண நகரங்கள். ஆப்பிரிக்காவில் அவை அரிது. அந்தப் பலத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது செயற்கைக்கோள் படம், மலைகளின் உயரத் தரவு, விமானம் பறக்கும் விதம் ஆகிய மூன்றுதான். எந்த ஆப்பிரிக்காவைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்தால் சிமுலேட்டர் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

தரையின் நிறம். பாலைவனம், உப்புச்சமவெளி, எரிமலை ஆகியவற்றின் அழகு நிறத்திலும் கோடுகளிலும் இருக்கிறது. அங்கே செயற்கைக்கோள் படம் இல்லாத சிமுலேட்டர் தோற்றுப்போகும். காடும் புல்வெளியும் வேறு கதை. 1,000 அடிக்குக் கீழே இறங்கினால் படம் மங்கிவிடும். அதன்மேல் நிற்கும் மரங்கள்தான் கண்ணுக்குத் தெரியும்.

மலையின் வடிவம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடார் கொண்டு பூமியின் உயரங்களை அளந்தது. அமெரிக்காவுக்கு வெளியே நெடுங்காலம் 90 மீட்டர் இடைவெளித் தரவே பொதுவில் கிடைத்துவந்தது. 30 மீட்டர் தரவை 2014-இல் வெளியிடத் தொடங்கியபோது ஆப்பிரிக்காவுக்குத்தான் முன்னுரிமை தந்தார்கள். 30 மீட்டர் இடைவெளியில் கிளிமஞ்சாரோ அருமையாக வரும். ஆனால் விக்டோரியா நீர்வீழ்ச்சியின் 108 மீட்டர் செங்குத்துப் பாறை, அடுத்தடுத்த இரண்டு மூன்று புள்ளிகளுக்கு நடுவே ஒரு சரிவாக மழுங்கிவிடும். யாராவது தனியாக வடிவமைத்துச் சேர்த்திருந்தால்தான் அது பாறைபோல் நிற்கும். நீர்வீழ்ச்சிக்காகவே சிமுலேட்டர் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

முழுச் செலவு. மென்பொருளின் விலை இதில் சிறு பங்குதான். ஜாய்ஸ்டிக், சேமிப்பு வட்டு, கூடுதல் விமானங்கள், எல்லாவற்றின் மேலும் சிங்கப்பூரின் 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று செலவு ஏறும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் வரி கிடையாது என்பது பழைய கதை. 2020 முதல் மின்னிலக்கச் சேவைகளுக்கும், 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் வரி உண்டு.

இணையம். சிங்கப்பூரில் ஃபைபர் இணைப்பின் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் வைஃபைதான் காலை வாரும். கூடத்தில் ரௌட்டர், உள்ளறையில் கணினி, நடுவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கான்கிரீட் சுவர் என்று இருந்தால் தரைப்படம் மெழுகுபோல் உருகித் தெரியும். சிமுலேட்டரைத் திட்டுவதற்கு முன் ஒரு லேன் கம்பியை இழுத்துச் சொருகிப் பாருங்கள்.

## மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024, கணினியில்

2024 நவம்பர் 19 அன்று வந்த இந்தப் பதிப்பு, நிலப்பரப்பு மட்டுமின்றி விமானங்களையும் பெருமளவு இணையத்திலிருந்தே இழுக்கிறது. வட்டில் பிடிக்கும் இடம் குறைவு. இணையம் இல்லாவிட்டால் பயனும் குறைவு. குறைந்தபட்ச இணைய வேகம் 10 எம்பிபிஎஸ், பரிந்துரைக்கப்படுவது 50. நினைவகம் குறைந்தது 16 ஜிபி, பரிந்துரை 32 ஜிபி. கிராஃபிக்ஸ் கார்டில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் சுற்றிப்பார்க்கும் பறத்தலுக்குப் போதும். 4 ஜிபி கார்டில் திறக்கும், ஆனால் சிரமப்படும்.

இதற்கு ஏற்ற இடம் நமீப். நமீபியாவின் வால்விஸ் பேயிலிருந்து தென்கிழக்கே சோசஸ்வ்லெய் மணற்குன்றுகளுக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர்; சிறு விமானமான செஸ்னா 172-இல் ஒரு மணி நேரம். கட்டடமும் மரமும் இல்லாத நிலம் என்பதால் கணினி ஊகித்து நிரப்ப வேண்டியது எதுவும் இல்லை. தரையிலிருந்து 1,500 முதல் 2,000 அடி உயரத்தில் பறந்தால் சிவந்த மணலின் மடிப்புகள் நிழலோடு தெரியும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். குன்றின் கூர்மையான முகடு 30 மீட்டர் தரவில் உருண்டையாகிவிடுகிறது. மொரிட்டேனியாவின் ரிச்சாட் வளையமும் இதே வகை. அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலம், அதனால் 172-இல் போய்ப் பயனில்லை. 25,000 அடிக்கு மேல் ஏறக்கூடிய டர்போபிராப் விமானம் வேண்டும்.

விலங்குகளைப் பார்க்கவேண்டும், படமெடுக்கவேண்டும் என்றாலும் இந்தப் பதிப்புதான். அதற்கென்றே புகைப்படச் சவால்கள் உள்ளன.

இனிக் குறைகள். செயற்கைக்கோள் படம் பல நாள்களில் எடுத்த துண்டுகளின் ஒட்டு. ஒரு துண்டு மழைக்காலம், பக்கத்துத் துண்டு கோடை. நடுவே ரூலர் வைத்து வரைந்ததுபோல் ஒரு கோடு. காங்கோ பக்கம் போனால் மேகத்தின் வெண்மையே தரையில் படிந்திருக்கும் இடங்களும் உண்டு. கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகள் 2010-களிலிருந்து பெருகிக் கரையை விழுங்கிக்கொண்டிருப்பதால், படத்தின் கரையும் வரைபடத்தின் கரையும் ஒத்துப்போவதில்லை. கிராமங்களில் படத்தைப் பார்த்துக் கணினியே ஊகித்து எழுப்பும் வீடுகள் சிலநேரம் எந்த ஊர் வீடு என்று கேட்க வைக்கும்.

வாங்குமுன் செலவில்லாத ஒரு சோதனை: பிங் வரைபடத் தளத்தைத் திறந்து, நீங்கள் பறக்க நினைக்கும் இடத்தை வான்படமாகப் பாருங்கள். சிமுலேட்டரின் அடிப்படைப் படம் பிங்கினுடையதே. அங்கே மங்கலாக இருந்தால் இங்கேயும் பெரும்பாலும் மங்கல்தான். கூகுள் எர்த்தில் பார்த்து ஏமாறவேண்டாம். அது வேறு படம்.

அமைப்புகளில் மூன்றை மட்டும் மாற்றினால் போதும். நிலப்பரப்பு விவர அளவை 200-க்கு ஏற்றுங்கள். திரைக்கு வெளியே உள்ள நிலத்தை முன்கூட்டியே ஏற்றும் தெரிவை உச்சத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தரை புதிதாக முளைக்கும். இறக்கிய நிலத்தைச் சேமித்துவைக்கும் ரோலிங் கேச்சை எஸ்எஸ்டியில் 32 ஜிபிக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். பிறகு எப்போதாவது நிலம் துண்டுதுண்டாகவோ தவறான நிறத்திலோ வந்தால் அந்தக் கேச்சை அழித்து மறுபடி உருவாக்குவதுதான் முதல் வைத்தியம்.

2020 பதிப்பைத் தள்ளுபடியில் பார்த்தால் ஒதுக்கிவிடாதீர்கள். வட்டில் 150 ஜிபி கேட்கும். ஆனால் விரும்பிய பகுதியை முன்கூட்டியே இறக்கிவைக்கும் வசதி அதில் உண்டு. கேப் டவுன், கெய்ரோ விமான நிலையங்களைக் கையால் வடிவமைத்து அதன் டீலக்ஸ் பதிப்பில்தான் முதலில் சேர்த்தார்கள். சந்தாமுறை பிடிக்குமென்றால், கணினிக்கான கேம் பாஸில் 2024-இன் அடிப்படைப் பதிப்பு இருக்கிறது. ஒரு மாதச் சந்தாவில் நமீப், கேப் டவுன், செரெங்கெட்டி மூன்றையும் பறந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

## எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அல்லது எஸ்

மேலே சொன்ன அதே நிலப்பரப்புதான். புதிதாகக் கணினி வாங்கவேண்டிய நிலையில் இருப்பவருக்கு மொத்தச் செலவு கணிசமாகக் குறையும். கூடத்தில் உள்ள பெரிய தொலைக்காட்சியில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க இதைவிட வசதியானது இல்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஆர்வலர்கள் இலவசமாகத் தரும் விமான நிலையங்களையும் நிலக்காட்சிகளையும் கன்சோலில் ஏற்ற முடியாது. விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் வருவதுதான் கதி. விற்பனைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும். ஆப்பிரிக்காவின் சிறு ஓடுபாதைகளைப் பாசத்தோடு செய்து தருபவர்கள் இந்த இலவச ஆர்வலர்கள்தான். ஆகவே இந்தத் தடை ஆப்பிரிக்கா விரும்பிகளுக்குக் கூடுதலாக வலிக்கும். அடுத்தது ஜாய்ஸ்டிக். எக்ஸ்பாக்ஸுக்கு உரிமம் பெற்ற கருவி மட்டுமே வேலைசெய்யும். சிம் லிம் ஸ்குவேரிலோ கரோசெல்லிலோ மலிவாகக் கிடைக்கிறதே என்று லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ வாங்கினால் அது கணினிக்குத்தான் உதவும். திரஸ்ட்மாஸ்டரின் டி.ஃபிளைட் ஹோட்டாஸ் ஒன் இரண்டிலும் ஓடும். பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் ஹோட்டாஸ் 4, பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது. பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

சீரிஸ் எஸ்-இல் நினைவகம் குறைவு. தூரத்து மலைகள் தாமதமாகத் தெளிவாகும்.

## எக்ஸ்-பிளேன் 12

வாங்கியவுடன் திறந்து நமீபியாவுக்குப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். செயற்கைக்கோள் படம் இதில் இல்லை. இது பாலை, இது புல்வெளி, இது வயல் என்று வகைபிரித்து அதற்கேற்ற பொதுநிறத்தை விரிக்கிறது. வீடுகளும் மேற்கத்திய பாணியில் முளைக்கும்.

அப்படியானால் ஏன் பரிசீலிக்கவேண்டும்? பறக்கும் உணர்வுக்காக. கனமில்லாத சூடான காற்றில் இறக்கை தவிப்பதை, மலைச்சரிவில் காற்று மேலே தூக்குவதை இது நம்பும்படி காட்டுகிறது. ஒருமுறை வாங்கினால் போதும், இணையம் இல்லாமலும் முழுதாக ஓடும். மேக், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் என்பதால் மேக் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு வேறு யோசனையே தேவையில்லை. நிறுவும்போது உலகப் படத்தில் ஆப்பிரிக்காவின் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கலாம். பணம் கட்டுமுன் பார்க்கச் சோதனைப் பதிப்பும் உண்டு.

செயற்கைக்கோள் படத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். அதற்கான இலவசக் கருவி ஆர்த்தோ4எக்ஸ்பி. ஒரு பாகை நீளம், ஒரு பாகை அகலம் கொண்ட கட்டமாக அது உருவாக்கித் தரும். கணக்கை முன்பே போட்டுவிடுங்கள். நிலநடுக்கோட்டருகே ஒரு கட்டம் 111 கிலோமீட்டர் சதுரம். 16-ஆம் பெரிதாக்க அளவில் ஒரு புள்ளி 2.4 மீட்டர், கட்டத்துக்குச் சுமார் 1.5 ஜிபி. 17-ஆம் அளவில் 1.2 மீட்டர், இடம் நான்கு மடங்காகி 6 ஜிபி. செரெங்கெட்டியிலிருந்து கிளிமஞ்சாரோ வரை எட்டுக் கட்டங்கள், அதாவது 16-இல் 12 ஜிபி, 17-இல் 48 ஜிபி. நாடு முழுவதையும் 17-இல் இறக்க ஆசைப்பட்டவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு வட்டு வாங்கப் போவார்கள். பாதை நெடுக 16, இறங்கும் இடத்தைச் சுற்றி மட்டும் 17 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கட்டத்தின் பெயர் அதன் தென்மேற்கு மூலையைக் குறிக்கும். கிளிமஞ்சாரோ தெற்கே 3 பாகைக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் அதன் கட்டம் -04+037. இங்கேதான் பலர் பக்கத்துக் கட்டத்தை இறக்கிவிட்டு மலை எங்கே என்று தேடுவார்கள். இன்னொரு வழக்கமான கோளாறு, படம் வந்துவிடும், சாலையும் மரமும் காணாமல் போய்விடும். சாலை, மரம் அடங்கிய மேலடுக்குகளைப் பிரித்தெடுக்கும் படியைத் தவறவிட்டிருப்பீர்கள். அல்லது காட்சித் தொகுப்புகளின் வரிசைக் கோப்பில் மேலடுக்கு, ஆர்த்தோ (செயற்கைக்கோள் படக்) கட்டங்களுக்குக் கீழே போயிருக்கும். அதை மேலே ஏற்றினால் சரியாகிவிடும். இதெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு ஆட்டோஆர்த்தோ இருக்கிறது. பறக்கும்போதே படத்தை இணையத்திலிருந்து இழுத்துத் தரும் அதுவும் இலவசம்தான். ஆனால் இணையம் வேண்டாம் என்ற சலுகை போய்விடும்.

## ஃபிளைட்கியர்

இலவசம், திறந்த மூலம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். நிலப்பரப்பைத் தேவைக்கேற்ப டெர்ராசிங்க் என்ற அதன் கருவி இறக்கிக்கொள்ளும். காட்சிக்காக இதைப் பரிந்துரைக்க முடியாது. பள்ளி விடுமுறையில் பிள்ளைக்கு இந்த ஆர்வம் நிலைக்குமா என்று பார்ப்பதற்கு உகந்தது. அதைவிடவும் எளிது கூகுள் எர்த் புரோவில் கண்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துவது. உள்ளே ஒரு சிறு சிமுலேட்டரே திறக்கும்.

## ஒரே பார்வையில்

| | மைக்ரோசாஃப்ட் 2024, கணினி | எக்ஸ்பாக்ஸ் | எக்ஸ்-பிளேன் 12 | ஃபிளைட்கியர் |
|---|---|---|---|---|
| பாலைவனம், எரிமலை | மிக நன்று | மிக நன்று | ஆர்த்தோ சேர்த்தால் நன்று | சுமார் |
| மலைப்பகுதியில் பறக்கும் உணர்வு | நன்று | நன்று | மிக நன்று | நன்று |
| விலங்குகள் | உண்டு | உண்டு | எதிர்பார்க்க வேண்டாம் | எதிர்பார்க்க வேண்டாம் |
| இணையம் இல்லாமல் | சிரமம் | சிரமம் | முழுதாக ஓடும் | இறக்கியபின் ஓடும் |
| இலவசக் கூடுதல் காட்சிகள் | ஏராளம் | இல்லை | ஏராளம் | ஓரளவு |
| மறைந்த செலவு | கிராஃபிக்ஸ் கார்டு, நினைவகம் | கடையில் வாங்கும் கூடுதல்கள் | சேமிப்பு வட்டு, உங்கள் நேரம் | நேரம் |

## எதில் பறந்தாலும் விமானத் தேர்வு முக்கியம்

ஆப்பிரிக்காவில் சிமுலேட்டரைவிட விமானம்தான் அதிகம் ஏமாற்றும். பயிற்சிப் பாடத்தில் வரும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொண்டு கிளிமஞ்சாரோவுக்குப் போகாதவர் இல்லை. அதன் உச்ச உயரம் ஏறத்தாழ 14,000 அடி. மலையோ 5,895 மீட்டர், அதாவது 19,341 அடி. மலையைச் சுற்றி வரலாம், மேலே போக முடியாது. மைக்ரோசாஃப்டில் செஸ்னா 208 கேரவன், எக்ஸ்-பிளேனில் கிங் ஏர் சி90 ஆகியவை சிகரத்தைத் தாண்டும்.

நைரோபியின் வில்சன் விமான நிலையம் 5,536 அடி உயரத்தில் இருக்கிறது. வெப்பம் 25 பாகை என்றால் இன்ஜினுக்கு அது 8,000 அடி போலத் தோன்றும். எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் குமிழை முழுதாக உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினால் எரிபொருள் மிகுந்து இன்ஜின் திணறும், ஓடுபாதை முடியும், சக்கரம் எழும்பாது. சாங்கி அல்லது செலெத்தாரிலிருந்து பறந்து பழகியவர்களுக்கு இது புரியாது, இங்கே கடல்மட்டம். செய்யவேண்டியது: ஓடுபாதை முனையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு திராட்டிலை முழுதாகத் திறங்கள். மிக்ஸ்சரை மெல்ல வெளியே இழுத்து, இன்ஜின் சுற்று உச்சம் தொடும் இடம் கண்டு, அதிலிருந்து சற்றே உள்ளே தள்ளிக் கிளம்புங்கள். மைக்ரோசாஃப்டில் தானியங்கி மிக்ஸ்சர் உதவி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அடிஸ் அபாபா 7,625 அடி. அங்கே 172 வேண்டவே வேண்டாம்.

முதல் பயணத்துக்கு ஏற்ற பாதை: செரெங்கெட்டியின் செரோனேரா ஓடுபாதை, இங்கோரோங்கோரோ பள்ளம், ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலை, கிளிமஞ்சாரோ விமான நிலையம். மொத்தம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். கேரவனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கோரோங்கோரோவின் விளிம்பு 7,500 அடியை எட்டும். 9,500 அடியில் கடந்துவிட்டுப் பிறகு உள்ளே இறங்குங்கள். லெங்காய் 2,962 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9,700 அடி; அங்கே இன்னும் ஏறவேண்டும். லிட்டில் நேவ்மேப் என்ற இலவச வரைபடம் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-பிளேன் இரண்டோடும் இணையும். பழைய மடிக்கணினியில் அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்கென்று இன்னொரு பாதை: டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறி டோங்காட், வெருலம், மவுண்ட் எட்ஜ்கம் வழியாகக் கடற்கரைக்கு. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் வேலைசெய்த கரும்பு நிலம் இது. கடல்மட்டத்தை ஒட்டிய பகுதி, 172 போதும். பசுமை மிகுந்த இடம் என்பதால் எக்ஸ்-பிளேன் ஆர்த்தோ இல்லாமலே இங்கே ஒப்பேற்றிவிடும்.

## சிங்கப்பூர் நேரத்தில் பறப்பது

நிகழ்நேர வானிலையும் நேரமும் வைத்துப் பறக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு இது. கென்யாவும் தான்சானியாவும் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால். தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஸாம்பியா, போட்ஸ்வானா ஆறு மணி நேரம். இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் நைரோபியில் பிற்பகல் 3. சூரியன் தூக்கலாக இருக்கும், மலையை மேகம் மூடியிருக்கும். இரவு 10 மணிக்கு அங்கே மாலை 5, நிழல் நீளும் நேரம். கிளிமஞ்சாரோ சிகரம் பொதுவாகக் காலையில்தான் திறந்திருக்கும். அதற்குச் சனி, ஞாயிறு நண்பகல் 12 மணி தோது. அங்கே காலை 7. அந்த நேரம் ஒத்துவராவிட்டால் வானிலையை நிகழ்நேரத்தில் விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் மாற்றுங்கள். ஆப்பிரிக்காவில் தரை வானிலை நிலையங்கள் குறைவு. சிமுலேட்டர் காட்டும் மேகம் பெரும்பாலும் கணிப்பு மாதிரியிலிருந்து வருவதால் உண்மையோடு பொருந்தவில்லையே என்று குழம்பவேண்டாம்.

தேதியை மாற்றினால் சூரியன் நகரும், படம் மாறாது. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ வடிநிலத்தில் வெள்ளம் உச்சம் தொடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதன் அருகிலுள்ள மவுன் நகரிலிருந்து ஜூலை என்று தேதி வைத்துக் கிளம்பினாலும், படமெடுத்த நாளில் நிலம் காய்ந்திருந்தால் காய்ந்த கால்வாய்கள்தான் கிடைக்கும். மவுனுக்குப் போகுமுன் பிங் படத்தில் அந்தப் பகுதியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.